மலையாற்று வெள்ளமும் நீராடுவோர் பாதுகாப்பும்

நீலகிரி மாவட்டத்தின் மேற்கெல்லையில், வயநாட்டுக்கு அண்மையில், பந்தலூர் வட்டத்தைச் சார்ந்தது சேரங்கோடு. தேயிலைத் தோட்டங்களும், காப்பியும் மிளகும் விளையும் சிறு நிலங்களும், பள்ளத்தாக்குகளிலே வயல்களும் அமைந்த இப்பகுதியில் நீரோடைகளுக்குப் பஞ்சமில்லை. பணியரும் குறும்பரும் செட்டிமாரும் தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் இம்மலைகளில், 1964-ஆம் ஆண்டின் இந்திய-இலங்கை ஒப்பந்தத்திற்குப் பின் தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பலவும் குடியேறின. மொழியாலும் தொழிலாலும் வேறுபட்ட இம்மக்கள் அனைவருக்கும் ஆறு பொதுவானது. கொழுந்து பறித்துத் திரும்பும் மகளிர் துணி வெளுப்பதும், விடுமுறை நாட்களில் சிறுவர் நீந்தி விளையாடுவதும், மாலையில் மீன் பிடிப்போர் பாறைகளின்மேல் அமர்ந்திருப்பதும் ஆற்றங்கரையில் அன்றாடக் காட்சிகள்.

சமவெளியில் ஓடும் ஆற்றைப் பற்றி நாம் பெற்றுள்ள அனுபவம் மலையாற்றுக்குப் போதாது. காவிரியிலும் தாமிரபரணியிலும் கீழ்ப்பகுதிகளில் வெள்ளம் ஏறுவதற்கு முன்னரே செய்தி வந்து சேர்வதுண்டு. மலையாறோ, முழங்காலளவு தெளிந்த நீராய் ஓடிக்கொண்டிருக்கும்போதே சில நிமிடங்களில் ஆளுயரத்திற்கு எழுந்துவிடக் கூடியது. குளிக்குமிடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். வானத்தில் கருமேகமே தென்படாதிருக்கலாம். அந்நிலையிலும் வெள்ளம் வரும். மழை பெய்யுமிடம் ஒன்று, உயிர் போகுமிடம் மற்றொன்று என்ற இவ்வுண்மையைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் மனத்திற் கொண்டால், காப்புக்குரிய வழி தானே புலப்படும்.

வெள்ளம் பிறக்குமிடம்

ஓர் ஓடைக்கு நீர் வந்து சேரும் நிலப்பரப்பு முழுவதையும் அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி என்கிறோம். 1 ஏக்கர் நிலத்தில் 1 செண்டிமீட்டர் மழை பெய்தால் அந்நிலத்தில் விழும் நீர் ஏறத்தாழ 40,000 லிட்டர் ஆகும். சிறியதோர் ஓடைக்கு 10 சதுரக் கிலோமீட்டர், அதாவது ஏறத்தாழ 2,470 ஏக்கர், நீர்ப்பிடிப்புப் பகுதி உள்ளது எனக் கொள்வோம். அங்கே ஒரு மணி நேரத்தில் 5 செண்டிமீட்டர் மழை பெய்யுமாயின் விழும் நீர் 50 கோடி லிட்டர். அதில் ஒரு பாதியை மண் உறிஞ்சிக்கொண்டு, மறுபாதி மட்டும் ஒரு மணி நேரத்தில் ஓடைக்கு வருமானாலும், விநாடிக்கு ஏறத்தாழ 70,000 லிட்டர் நீர் அக்குறுகிய வழியே பாய்ந்தாக வேண்டும். சற்று முன்னர் சிறுவர் கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருந்த ஓடையும் அதுவேதான்.

மலைச்சரிவு செங்குத்தாக இருப்பதால் நீர் தங்கி நிற்பதற்கு இடமில்லை. தொடர்ந்து பெய்த மழையால் மண் நிறைந்துவிட்ட நாட்களில், அடுத்துப் பெய்யும் மழை முழுவதும் அப்படியே வழிந்தோடும். புதிய சாலைகளும், சிமெண்டுத் தளங்களும், சரிவை நோக்கி நேராக வெட்டப்பட்ட வடிகால்களும் நீரின் வேகத்தைப் பின்னும் கூட்டுகின்றன. மற்றோர் ஆபத்தும் உண்டு. முறிந்த மரங்களும் குப்பையும் சிறுபாலத்தின் கீழோ, குறுகிய பாறையிடுக்கிலோ அடைத்துக்கொண்டால் நீர் பின்னால் தேங்கும். அவ்வடைப்பு உடையும் நொடியில் தேங்கிய நீர் முழுவதும் சுவர் போல் எழுந்து வரும். மண்சரிவு ஓடையை மறித்தாலும் இதே நிலைதான். ஆதலால், மழை பெய்துகொண்டிருக்கையில் ஆற்று நீர் காரணமின்றித் திடீரெனக் குறைந்தால் மகிழ்ச்சி கொள்ளலாகாது. உடனே கரையேறுதல் வேண்டும்.

நீலகிரியின் மழை எத்தகையது என்பதற்கு ஒரு சான்று கூறலாம். 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு 8-ஆம் நாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் அவலாஞ்சியில் 820 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. சமவெளி மாவட்டங்கள் பலவற்றில் ஓராண்டு முழுவதிலும் பெய்யும் மழைக்கு இது நிகரானது. கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளின் மேற்குச் சரிவில் பெய்யும் மழை பாண்டியாறு, புன்னம்புழை முதலியவற்றின் வழியே கேரளத்தின் சாலியாற்றை அடைகிறது. 2024-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் அதிகாலையில், அண்டையிலுள்ள வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஆகிய ஊர்களைப் பெரும் மண்சரிவு அழித்தது. அங்கே அடித்துச் செல்லப்பட்டோர் பலரின் உடல்கள், பல கிலோமீட்டருக்கு அப்பால் நிலம்பூர்ப் பகுதியில் சாலியாற்றிலே கண்டெடுக்கப்பட்டன. மலையுச்சியில் நிகழ்வது அடிவாரத்தை எவ்வளவு விரைவில் வந்தடைகிறது என்பதை அத்துயர நிகழ்ச்சி நாடறியக் காட்டிற்று.

நிகழ்ந்தவை கூறும் பாடம்

2022-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள், நமது மாவட்டத்தில் மசினகுடியை அடுத்த ஆனிகட்டிக் கோயில் திருவிழாவுக்குச் சென்று திரும்பிய பெண்கள் நால்வர், வழியிலிருந்த காட்டாற்றைக் கடக்கையில் திடீர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தனர். கோயிலுக்குச் செல்கையில் கடக்கத்தக்கதாயிருந்த நீரோட்டம், திரும்புகையில் உயிர் குடிப்பதாக மாறிவிட்டது. நீலகிரி மேட்டுநிலத்தின் சரிவுகளில் பெய்யும் மழை, அடியிலுள்ள சீகூர்ப் பகுதியின் வறண்ட காட்டோடைகளிலே வெள்ளமாக இறங்குவது இயல்பு. கீழே நிற்பவர் கண்ணுக்கு அம்மழை தெரிவதில்லை.

2024-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் பழைய குற்றால அருவியில் திடீரென நீர் பெருகியது. நீராடிக்கொண்டிருந்தோர் அலறியடித்துக்கொண்டு படிகளில் ஏறி ஓடினர். 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். குற்றாலத்தில் சாரல் காலம் இன்னும் தொடங்கியிராத நேரம் அது. கோடை மழையும் வெள்ளம் கொணரும் என்பது இதனாற் பெறப்படும் பாடம். அதே ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் மராட்டிய மாநிலத்து லோனாவளாவில், பூஷி அணைக்கு அருகிலுள்ள அருவியில் நின்றிருந்த ஒரே குடும்பத்தினர் ஐவர் வெள்ளத்துக்கு இரையாயினர். நீர் ஏறத் தொடங்கியதும் அவர்கள் ஓடையின் நடுவிலே சிக்கிக்கொண்டனர். கரைக்கு வரும் வழி நொடிப்பொழுதில் மூடிவிட்டது.

மழையே இல்லாத நாளிலும் வெள்ளம் வருவதுண்டு. 2014-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள், இமாசலப் பிரதேசத்தின் பியாஸ் ஆற்றில் பாறைகளின்மேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்த ஐதராபாத்துக் கல்லூரி மாணவர் 24 பேர், லார்ஜி நீர்மின் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரால் அடித்துச் செல்லப்பட்டனர். 1932-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய பைக்காரா மின் நிலையம் முதலாக, நீலகிரியிலும் நீர்மின் அணைகள் பல உள்ளன. அவற்றின் கீழுள்ள ஆற்றுப் படுகையில் இறங்குவது எக்காலத்திலும் தகாது.

வளம் மிக்க நாடுகளும் இதற்கு விலக்கல்ல. 1999-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள் சுவிட்சர்லாந்தில், குறுகிய மலையோடை வழியே நீந்தியும் குதித்தும் சென்ற குழுவினரில் 21 பேர், மேலே பெய்த இடிமழையால் எழுந்த வெள்ளத்தில் மாண்டனர். அவர்களுள் மூவர் வழிகாட்டிகள். பயிற்சியும் கருவியும் அவர்களைக் காக்கவில்லை. 2025-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் குவாடலூப் ஆறு 45 நிமிடங்களில் ஏறத்தாழ 26 அடி உயர்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

நீச்சல் அறிந்தோர்க்கும் ஆபத்து

“எமக்கு நன்றாக நீந்தத் தெரியும்” என்போரே பெரும்பாலும் துணிந்து இறங்குகின்றனர். கிணற்றிலும் குளத்திலும் பெற்ற நீச்சற் பயிற்சி நிலைநீருக்குரியது. ஓடும் நீரின் மோதுவிசை அதன் வேகத்தைப் பொறுத்து இருமடியாகப் பெருகும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும், வேகம் மூன்று மடங்கானால் விசை ஒன்பது மடங்காகும். விரைந்தோடும் நீர் 15 செண்டிமீட்டர் ஆழமே இருப்பினும் வளர்ந்த மனிதனை வீழ்த்த வல்லது. 30 செண்டிமீட்டர் ஆழத்தில் சிறு காரையும், 60 செண்டிமீட்டர் ஆழத்தில் பெரும்பாலான வண்டிகளையும் அது நகர்த்திவிடும்.

மேலும், வெள்ளத்தில் வருவது நீர் மட்டுமன்று. மரங்களும் மூங்கிலும் கற்களும் உடன் வரும். கலங்கிய நீரில் பாறை இருக்குமிடம் தெரியாது. மலைநீரின் குளிர்ச்சி கை கால்களை விரைவில் விறைக்கச் செய்யும். தடுப்பணையின் கீழே, விழும் நீர் உள்நோக்கிச் சுழல்வதால், அகப்பட்டவரை அது மீண்டும் மீண்டும் அணையின் அடிக்கே இழுக்கும். பார்வைக்கு அமைதியாகத் தோன்றும் அவ்விடமே நீந்துவோர்க்கு மிகக் கொடியது.

அறிகுறிகளும் ஒழுகவேண்டிய முறைகளும்

வெள்ளம் வருமுன் ஆறு சில குறிகளைக் காட்டும். தெளிந்த நீர் செம்மண் நிறமாகக் கலங்குதல். இலை, சுள்ளி, நுரை ஆகியவை மிகுதியாக மிதந்து வருதல். வழக்கமாகத் தலைகாட்டும் பாறை மூழ்குதல். மேற்புறத்தில் இடையறாத இரைச்சலோ, கற்கள் உருளும் ஓசையோ கேட்டல். மலைமுகட்டில் மேகம் கவிந்து மின்னுதல் ஆகியவை அவை. இவற்றுள் ஒன்று தோன்றினும் போதும். துணியையும் பாத்திரத்தையும் எடுக்கத் தாமதியாது உடனே கரையேற வேண்டும். கரையேறிய பின்னும் ஆற்றோரமாக ஓடுதல் கூடாது. மேட்டை நோக்கி ஏறுதலே முறை. குறிகள் யாவும் தோன்றிய பின்னரே வெள்ளம் வரும் என எண்ணுதலும் தவறு. சில வேளைகளில் முதற்குறியும் வெள்ளமும் ஒருங்கே வந்துவிடும்.

நீரில் இறங்குமுன் மூன்றைச் சிந்தித்தல் நலம். மேலே மழையுண்டா எனக் கேட்டறிதல் முதலாவது. கரையேறுவதற்கு இடையூறில்லாத வழியைப் பார்த்து வைத்தல் இரண்டாவது. நீரில் இறங்காது கரையிலிருந்து மேற்புறம் நோக்கியிருக்க ஒருவரை நிறுத்தல் மூன்றாவது. ஆற்றின் நடுவிலுள்ள திட்டுகளிலும் பாறைகளிலும் உணவருந்துதலும் படம் எடுத்தலும் விலக்கத்தக்கவை. சிறுவரைத் தனியே அனுப்புதல் கூடவே கூடாது. மது அருந்தியவர் ஆற்றை அணுகாதிருத்தல் அவருக்கும் அவரைக் காப்பாற்றப் புகுவோர்க்கும் நன்று. தரைப்பாலத்தின்மேல் நீர் ஓடுமானால், வண்டியிலாயினும் நடந்தாயினும் கடக்க முயலாது, நீர் வடியும்வரை காத்திருக்க வேண்டும்.

வெள்ளத்தில் சிக்கியவர் அதனை எதிர்த்து நீந்தி வலிமையை இழத்தலாகாது. மல்லாந்து மிதந்து, கால்களை நீரோடும் திசையில் முன்னே நீட்டி, பாறைகளைக் காலால் தள்ளிக்கொண்டு, கைகளை வீசிச் சாய்வாகக் கரையை நோக்கி வருதல் வேண்டும். முழங்காலுக்கு மேல் விரைந்தோடும் நீரில் எழுந்து நிற்க முயன்றால், கால் பாறையிடுக்கில் சிக்க, நீர் தலையை அமிழ்த்திவிடும். எதிரே மரம் விழுந்து கிடந்தால் மட்டும் குப்புறத் திரும்பி, அதன் கீழே இழுக்கப்படாமல் மேலே தாவி ஏற முயல வேண்டும். ஆறு வளையுமிடத்தில் வெளிவளைவில் வேகம் மிகும். உள்வளைவில் நீர் தணிந்திருக்கும். கரையேற ஏற்ற இடம் அதுவே.

பிறரை மீட்கும் முறை

ஒருவரைக் காக்கக் குதித்தவரும் உடன் மாள்வது அடிக்கடி நிகழும் அவலம். ஆதலால் கரையில் நின்றபடியே உதவ வேண்டும். மூங்கிற் கழியை நீட்டலாம். முடிச்சிட்ட வேட்டி, சேலைகளை வீசலாம். மூடியிட்ட வெற்றுப் பிளாஸ்டிக் குடத்தையோ, காற்றடைத்த லாரி டியூபையோ கயிற்றில் கட்டி எறியலாம். கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றிக் கட்டிக்கொள்ளலாகாது. இழுப்பு மிகுந்தால் மீட்பவரும் நீரில் விழுவார். தரையில் அமர்ந்து காலை ஊன்றிப் பிடித்தல் பாதுகாப்பானது. ஒருவர் உதவியில் ஈடுபட்டிருக்கும்போதே மற்றொருவர் 112 அல்லது 108 எண்ணுக்கும், மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணுக்கும் செய்தி தெரிவிக்க வேண்டும்.

கரை சேர்க்கப்பட்டவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுதலும், வயிற்றை அழுத்தி நீரை வெளியேற்ற முயலுதலும் பயனற்றவை, தீங்கும் விளைப்பவை. அவருக்கு முதலில் வேண்டுவது மூச்சுக்காற்று. மூச்சில்லாவிடில், தலையைச் சற்றே பின்சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து இருமுறை ஊத வேண்டும். பின்னர் மார்பின் நடுவில் நிமிடத்திற்கு 100 முதல் 120 வரையான விரைவில், 5 செண்டிமீட்டர் அளவு அமிழுமாறு 30 முறை அழுத்த வேண்டும். இருமுறை ஊதுவதையும் 30 முறை அழுத்துவதையும், மூச்சு திரும்பும் வரையிலோ மருத்துவ உதவி வரும் வரையிலோ மாறிமாறிச் செய்தல் வேண்டும். சிறு குழந்தையாயின் அழுத்தம் அதன் உடலுக்கேற்பக் குறைய வேண்டும். உயிர் தப்பியவர் நலமாகக் காணப்படினும் மருத்துவமனைக்கு அனுப்புதல் அவசியம். நுரையீரலில் புகுந்த நீர் சில மணி நேரம் கழித்தும் துன்பம் தரக்கூடும்.

பஞ்சாயத்தின் கடமை

தனிமனிதர் எவ்வளவு விழிப்பாக இருப்பினும், மேலே பெய்யும் மழையைக் கீழே இருப்பவர் தாமாக அறிய இயலாது. இக்குறையை நீக்க வல்லது பஞ்சாயத்து ஒன்றே. விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வரும் வெள்ளம் 5 கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 28 நிமிடங்கள் ஆகும். மேலூரிலிருந்து கீழூருக்குத் தொலைபேசியில் ஒரு சொல் சொல்ல ஒரு நிமிடம் போதும். எஞ்சிய நிமிடங்களில் ஆற்றிலுள்ள அனைவரையும் கரையேற்றிவிடலாம். எனவே, ஒவ்வோர் ஓடையின் மேற்புறத்திலும் வசிக்கும் இருவரையும், கீழ்ப்புறத்துக் குளிதுறைகளுக்கு அண்மையில் வசிக்கும் இருவரையும் தெரிந்தெடுத்து, அவர்களிடையே செய்தித் தொடர்பு ஏற்படுத்துதல் முதற்பணியாகும். எஸ்டேட் மேற்பார்வையாளர், கடைக்காரர், ஆசிரியர், பழங்குடிக் குடியிருப்பின் மூப்பர் ஆகியோர் இதற்கு ஏற்றவர்கள். ஓடை பஞ்சாயத்து எல்லையையோ மாநில எல்லையையோ கடந்து செல்லுமானால், அடுத்த பஞ்சாயத்துக்கும் செய்தி செல்ல ஏற்பாடு செய்தல் அண்டை அயலார்க்குரிய அறம்.

மழையை அளக்க விலைமிக்க கருவி தேவையில்லை. அடி தட்டையாகவும் பக்கங்கள் நேராகவும் உள்ள பாத்திரத்தைத் திறந்தவெளியில் வைத்து அளவுகோலால் அளக்கலாம். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேற்பட்டதைக் கனமழை என்றும், 115.6 மில்லிமீட்டர் முதல் மிகக் கனமழை என்றும், 204.4 மில்லிமீட்டரைத் தாண்டியதை அதிகனமழை என்றும் வானிலை ஆய்வுத் துறை வகுத்துள்ளது. எனினும், சிற்றோடைகளைப் பொறுத்தவரை நாள் முழுவதும் பெய்வதைவிட ஒரு மணி நேரத்தில் எவ்வளவு பெய்தது என்பதே முக்கியம். கொட்டும் மழை அரைமணி நீடித்தாலே கீழூருக்குச் செய்தி சொல்லிவிடுதல் நன்று. பத்து முறை வீணாயினும், பதினோராவது முறை ஓர் உயிரைக் காக்கும்.

குளிதுறைகள் அனைத்தையும் பட்டியலிட்டு, ஆபத்தானவற்றைப் பிரித்தறிய வேண்டும். ஒவ்வொரு துறையிலும் பாறையின்மேல் சிவப்புக் கோடு தீட்டி, நீர் அதனைத் தொட்டால் எவரும் இறங்கலாகாது என விதிக்கலாம். அறிவிப்புப் பலகை தமிழிலும் மலையாளத்திலும் இருப்பதோடு, எழுத்தறியாதோரும் வெளியூர்ச் சிறுவரும் உணரும்படி படமும் கொண்டிருத்தல் வேண்டும். நீண்ட கயிறும் டியூபும் கழியும் அருகிலுள்ள வீடொன்றில் வைக்கப்பட்டு, அவை இருக்குமிடம் பலகையிலே குறிக்கப்பட வேண்டும். சிறுபாலங்களின் அடைப்புகளை மழைக்காலத்துக்கு முன் அகற்றுவதும் இப்பணியில் அடங்கும்.

“ஆற்றில் இறங்காதே” என்று தடை விதிப்பது எளிது. வீட்டிற் குழாய் நீர் வராத குடும்பத்துக்கு அத்தடையால் பயனில்லை. லயன் வீடுகளிலும் பழங்குடிக் குடியிருப்புகளிலும் வாழ்வோர் விளையாட்டுக்காக மட்டும் ஆற்றுக்குச் செல்வதில்லை. குளிக்கவும் துவைக்கவும் வேறு வழியின்றியும் செல்கின்றனர். குடியிருப்புக்கு அருகே குழாயும், துவைக்கும் கல்லும், மறைவுள்ள குளியலறையும் அமைத்துக் கொடுத்தல் வெள்ளத் தடுப்பு வேலைகளுள் ஒன்றே என்பதைப் பஞ்சாயத்தார் உணர்வார்களாக.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் 30 வயதுக்கு உட்பட்டவர்கள். இவ்விறப்புகள் தடுக்கத்தக்கவை என்பதை வலியுறுத்தவே ஆண்டுதோறும் ஜூலை 25-ஆம் நாள் நீரில் மூழ்குதலைத் தடுக்கும் உலக தினமாக அனுசரிக்கப்படுகிறது. தென்மேற்குப் பருவமழை வலுத்து நிற்கும் அந்நாளில் பள்ளிகளில் கயிறு எறியும் பயிற்சியும் முதலுதவிப் பயிற்சியும் அளித்தல் மிகப் பொருத்தமாகும். அதற்கு முன்னரே, கோடை மழை தொடங்கும் வேளையில், மே 1-ஆம் நாள் கிராம சபை கூடுகிறது. மேலூர்-கீழூர்ச் செய்தித் தொடர்புக்குரியோரின் பெயரும் தொலைபேசி எண்ணும் அக்கூட்டத்திலே வாசிக்கப்பட்டு, தீர்மானமாக நிறைவேற வேண்டும்.

ஆறு நமக்கு வாழ்வளிப்பது; அதனைப் பகையாகக் கருத வேண்டியதில்லை. மலையின் தலைப்பில் வாழ்வோர் அடிவாரத்தில் உள்ளோரை நினைத்து ஒரு சொல் அனுப்பும் வழக்கம் ஊர்தோறும் நிலைபெறுமாயின், சேரங்கோட்டிலும் அதனையொத்த மலைக் கிராமங்களிலும் வீணே போகும் உயிர்கள் பல காக்கப்படும். இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. ஒற்றுமையும் விழிப்புமே தேவை. அவ்விரண்டும் நம் பஞ்சாயத்துகளில் உண்டு என நாம் உறுதியாக நம்புகிறோம்.